அம்பது வருஷம் கழித்து வந்த அழுகை

1988, பிப்ரவரி. லண்டனில் பி.பி.சி. தொலைக்காட்சியின் ஸ்டுடியோ. ‘தட்ஸ் லைஃப்’ என்ற நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. பார்வையாளர்களின் நடுவே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். வயது 78. பெயர் நிக்கோலஸ் வின்டன். ஒரு காலத்தில் பங்குச் சந்தைத் தரகராக இருந்தவர்.

நிகழ்ச்சியை நடத்தும் எஸ்தர் ரான்ட்ஸன் கையில் ஒரு பழைய ஆல்பம். உள்ளே குழந்தைகளின் போட்டோக்கள், பெயர்ப் பட்டியல், கடிதங்கள். 1939-ல், ஹிட்லர் விழுங்கிக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாகியாவிலிருந்து 669 குழந்தைகளை வின்டனும் அவருடைய கூட்டாளிகளும் ரயிலேற்றி இங்கிலாந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தக் கதையின் ஆதாரம் இந்த ஆல்பம். பட்டியலிலிருந்து ஒரு பெயரைப் படிக்கிறார் எஸ்தர். வேரா. அந்த வேரா இப்போது உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார் என்கிறார்.

பெரியவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. பக்கத்தில் இருந்த 59 வயது வேரா கிஸ்ஸிங் அவரைக் கட்டிக்கொள்கிறார். அவர் கண்ணாடிக்குள் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

அதே நிகழ்ச்சியின் இன்னொரு பகுதி. மறுபடியும் வின்டன் வந்திருக்கிறார். “இவரால் உயிர் பிழைத்தவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா, இருந்தால் எழுந்து நில்லுங்கள்” என்கிற மாதிரி ஒரு கேள்வி. சுற்றிலும் வரிசை வரிசையாக எழுந்து நிற்கிறார்கள். எல்லோரும் நரைத்த தலைகள். ஒரு காலத்தில் ரயிலில் வந்த குழந்தைகள்.

இணையத்தில் லட்சோபலட்சம் பேர் பார்த்துக் கண் கலங்கிய காட்சி இது. நீங்களும் பார்த்திருக்கலாம். ‘ஒன் லைஃப்’ என்று 2023-ல் சினிமாவாகவும் வந்துவிட்டது. நல்ல மனிதர் ஒருவருக்குத் தாமதமாகக் கிடைத்த நன்றி என்றுதான் எல்லோரும் இதைப் பார்க்கிறோம். அது நிஜம்தான்.

ஆனால், அன்றைக்கு எழுந்து நின்றவர்களின் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். ரயிலேறியபோது அவர்கள் ஐந்து, எட்டு, பத்து வயதுக் குழந்தைகள். பெரும்பாலோருக்கு அப்பா, அம்மா அன்றைக்கு பிளாட்பாரத்தில் நின்றதுதான் கடைசி. அந்த அப்பா, அம்மாவுக்காக இவர்கள் எப்போது அழுதார்கள்?

இந்தக் கதை அதைப் பற்றியது.

*

1938, நவம்பர் 9 ராத்திரி. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் யூதர்களின் கடைகள் சூறையாடப்பட்டன. வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன. தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. ‘கண்ணாடி நொறுங்கிய இரவு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் வதைமுகாம்களில் அடைத்தார்கள்.

இனி இங்கே வாழ முடியாது என்று யூதர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் போவது எங்கே? எந்த தேசமும் கதவைத் திறக்கத் தயாராக இல்லை. பிரிட்டனிலும் அதே கதைதான். வேலையில்லாத் திண்டாட்டம். வெளியிலிருந்து வருகிறவர்கள் நம் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம்.

நவம்பர் 15-ம் தேதி பிரிட்டிஷ் யூதத் தலைவர்கள் சிலர் பிரதமர் சேம்பர்லினைப் பார்த்தார்கள். பெரியவர்களை விடாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தைகளையாவது விடுங்கள் என்றார்கள். 21-ம் தேதி நாடாளுமன்றத்தில் விவாதம். உள்துறை அமைச்சர் சாமுவேல் ஹோர் சம்மதம் சொன்னார். 17 வயதுக்கு உட்பட்டவர்கள் வரலாம். தற்காலிகமாகத்தான். அரசாங்கம் காசு தராது. பிற்பாடு, குழந்தையைத் திருப்பி அனுப்பும் செலவுக்காகத் தலைக்கு 50 பவுண்டு உத்தரவாதமும் கேட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. அப்பா, அம்மா கூட வரக்கூடாது.

முதல் ரயில் டிசம்பர் 1-ம் தேதி பெர்லினிலிருந்து கிளம்பியது. சுமார் 200 குழந்தைகள். அடுத்து வியன்னா. அங்கே நெதர்லாந்திலிருந்து ஒரு பெண்மணி, கேர்ட்ருய்டா வைஸ்முல்லர், அடால்ஃப் ஐக்மனையே நேரில் போய்ப் பார்த்து 600 குழந்தைகளுக்கு அனுமதி வாங்கினார். இப்படி ஜெர்மனி, ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, போலந்து பக்கமிருந்து ஒன்பதே மாதத்தில் வந்துசேர்ந்த குழந்தைகள் கிட்டத்தட்ட 10,000 பேர். முக்கால்வாசிப் பேர் யூதக் குழந்தைகள். ‘கிண்டர்ட்ரான்ஸ்போர்ட்’ என்று பெயர். ஜெர்மன் மொழியில் ‘கிண்டர்’ என்றால் குழந்தைகள்.

ப்ராக் நகரத்திலிருந்து கிளம்ப வேண்டிய கடைசி ரயிலில் 250 குழந்தைகள் இருந்தார்கள். புறப்பட வேண்டிய நாள் 1939, செப்டம்பர் 1. அன்றைக்குத்தான் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். ரயில் நகரவே இல்லை. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிற்பாடு உயிரோடு இல்லை.

*

அந்த பிளாட்பாரத்துக்குப் போய்வருவோம்.

ஒரு சின்ன பெட்டி. பத்து மார்க் பணம். நகை, விலையுயர்ந்த பொருள் எதுவும் கூடாது. கழுத்தில் நம்பர் எழுதிய அட்டை. சில ஊர்களில் பெற்றோரை பிளாட்பாரத்துக்குள் விடவே இல்லை. காத்திருக்கும் அறையிலேயே முத்தம் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். கதறல் ஊர் காதில் விழக்கூடாது என்பது நாஜிகளின் கவலை.

அந்தக் கடைசி நிமிஷத்தில் பெற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? பிற்காலத்தில் இந்தக் குழந்தைகள் எழுதியதையெல்லாம் படித்தால், மொழிதான் வேறு, விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான். “சமத்தா இரு. அவங்க சொல்றதைக் கேளு. மறக்காம நன்றி சொல்லு. நாங்க சீக்கிரம் வந்துடுவோம்.”

எந்த அம்மாவும் சொல்லக்கூடியதுதான். பாசத்தில் சொன்னது. குழந்தை தைரியமாகப் போகட்டுமே என்று சொன்னது. அதுவே அம்பது வருஷத்துக்கான பூட்டாகவும் ஆகிவிட்டது.

எப்படி என்கிறீர்களா?

‘நாங்க வந்துடுவோம்’ என்றால், இது சாவு இல்லை, பிரிவுகூட இல்லை. சும்மா ஒரு காத்திருப்பு. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்காக யாராவது ஒப்பாரி வைப்பார்களா? அது அபசகுனம் இல்லையா? ஏழு வயதுக் குழந்தைக்கும் அது தெரியும்.

‘சமத்தா இரு’ என்றால், அடுத்தவர் வீட்டில் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாதே. ராத்திரி தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாலும் காலையில் முகம் கழுவிக்கொண்டு சிரி.

‘நன்றி சொல்லு’... இது கடைசிப் பூட்டு. மூன்றிலும் கனமானது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

*

ரயில் ஹாலந்து வரை. அங்கிருந்து கப்பல். இங்கிலாந்தில் ஹார்விச் துறைமுகம். அங்கிருந்து மறுபடி ரயிலில் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். ஏற்கெனவே வீடு ஏற்பாடானவர்கள் அங்கே காத்திருந்த முகம் தெரியாத மனிதர்களோடு போனார்கள். வீடு அமையாதவர்களை ஹார்விச் பக்கத்தில் டோவர்கோர்ட் என்ற இடத்தில் தங்கவைத்தார்கள். அது கோடை விடுமுறைக்காகக் கட்டிய மரக் குடில்கள். இவர்கள் போனதோ கடும் பனிக்காலம்.

வார இறுதி வந்தால் வளர்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். குழந்தைகள் நல்ல துணி உடுத்தி, தலை வாரி, மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவர்கள் நடந்தபடி பார்த்து, பிடித்த குழந்தையைக் கேட்பார்கள். சின்னக் குழந்தைகள், சிவந்த, அழகான பெண் குழந்தைகள் சீக்கிரம் போய்விட்டார்கள். பதினாலு, பதினைந்து வயதுப் பையன்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தார்கள். மாட்டுச் சந்தை மாதிரி இருந்தது என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அண்ணன் ஒரு ஊர், தங்கை ஒரு ஊர் என்று பிரிந்ததும் உண்டு.

கிடைத்த வீடுகள் எல்லாம் மோசம் என்று சொன்னால் அது பெரிய பாவம். சொந்தப் பிள்ளை மாதிரி வளர்த்தவர்கள் ஏராளம். யூதரே அல்லாத, வசதியும் இல்லாத சாதாரண குடும்பங்கள் பல. சில வீடுகளில் சம்பளமில்லா வேலைக்காரியாகவும் வைத்திருந்தார்கள். இரண்டும் நடந்தது.

ஆனால் நல்ல வீடோ, கெட்ட வீடோ, குழந்தையின் காதில் விழுந்துகொண்டே இருந்த விஷயம் ஒன்றுதான். நீ அதிர்ஷ்டசாலி. நீ தப்பித்துவிட்டாய். நன்றியோடு இரு. அந்தக் காலத்தில் அகதிகளுக்கென்றே லண்டனில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார்கள். தெருவில் ஜெர்மன் பேசாதே, சத்தம் போட்டுப் பேசாதே, பார்வையில் படுகிற மாதிரி நடந்துகொள்ளாதே... இப்படி அறிவுரைகள். கொடுத்தவர்களும் யூத அமைப்பினர்தான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. நம்மவர்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக்கூடாதே என்ற கவலை.

குழந்தைகள் சமத்தாகவே இருந்தார்கள். சின்னக் குழந்தைகள் சில மாதங்களில் ஜெர்மனையே மறந்துவிட்டார்கள். தாய்மொழி போனால் என்ன போகும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. அம்மாவோடு சண்டை போட, செல்லம் கொஞ்ச, அம்மாவை நினைத்து அழ அந்தக் குழந்தைக்கு இருந்த ஒரே மொழி அது.

*

போர் தொடங்கியதும் கடிதப் போக்குவரத்து நின்றுபோனது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக மட்டும் ஒரு வசதி. ஒரு படிவம். அதில் 25 வார்த்தை எழுதலாம். போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும்.

இருபத்தைந்து வார்த்தையில் ஒரு அம்மா என்ன எழுதுவாள்? சாப்பிட்டாயா, நாங்கள் நலம், நன்றாகப் படி, முத்தங்கள். அவ்வளவுதான். 1942 வாக்கில் பல பேருக்கு அந்த 25 வார்த்தையும் வருவது நின்றது. இடம் மாறப்போகிறோம் என்பதுதான் சிலருக்குக் கடைசி வரி. எந்த இடம் என்று பிள்ளைகளுக்கு அப்போது தெரியாது.

1945-ல் போர் முடிந்தது. முகாம்களின் படங்கள் சினிமா தியேட்டர்களில் நியூஸ் ரீலாக ஓடின. பெயர்ப் பட்டியல்கள் வந்தன. சிலருக்கு டைப் அடித்த ஒரு கடிதம் வந்தது. சிலருக்கு அதுவும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லை என்பதுதான் செய்தி. அப்பா, அம்மா இல்லாமல் போனவர்களுக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும் என்று 1944-ல் பிரிட்டனில் ஒரு சட்டமே போட்டிருந்தார்கள். லார்டு கோரெல் என்ற ஒரே மனிதர் அத்தனை பேருக்கும் கார்டியன் ஆனார். காகிதத்தில் ஒரு அப்பா!

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். துக்கம் காப்பதில் யூதர்கள் நம்மைவிடக் குறைந்தவர்கள் இல்லை. சாவு வீட்டில் உடுத்திய துணியைக் கிழித்துக்கொள்வார்கள். ஏழு நாள் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர் ஜனம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகும். அப்புறம் முப்பதாம் நாள் வரை துக்கம். அப்பா, அம்மாவுக்கு மட்டும் ஒரு வருஷம். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஒரு விளக்கு. நம்ம பதினாறாம் நாள் காரியமும் திதியும் எதற்காக இருக்கின்றனவோ அதற்காகவேதான் அதுவும். அழுகிறவன் தனியாக அழக்கூடாது. அழாமலும் விட்டுவிடக்கூடாது.

இந்தப் பிள்ளைகளுக்கு அதில் எது கிடைத்தது? உடல் இல்லை. கல்லறை இல்லை. எந்தத் தேதியில் விளக்கேற்றுவது? தேதியே பலருக்குத் தெரியாது. யார் வந்து பக்கத்தில் உட்காருவது? வளர்ப்பு வீட்டாருக்கு அந்த அப்பா, அம்மாவை முன்பின் தெரியாது. செய்தி வந்த மறுநாள் காலையில் இவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். பரீட்சை எழுதினார்கள்.

பெற்றோர் உயிரோடு திரும்பிய சிலர் கதை இன்னும் சிக்கல். ஐந்து வயதில் பிரிந்த பிள்ளைக்குப் பதினொரு வயது. அம்மா பேசும் ஜெர்மன் மகளுக்குப் புரியாது. மகள் பேசும் இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரியாது. நடுவில் ஒருவர் மொழிபெயர்க்க வேண்டியிருந்த வீடுகள் உண்டு. எதிரில் அம்மா இருக்கிறாள். ஆனால் அம்மா போய்விட்டாள். இதற்காக அழுதால் யார் ஒப்புக்கொள்வார்கள்? ‘உனக்காவது திரும்பக் கிடைச்சாங்களே’ என்றுதான் சொல்வார்கள்.

*

‘குழந்தைதானே, மறந்துடும்.’ உலகம் முழுக்கப் பெரியவர்கள் நம்பிய விஷயம் இது.

நம்பாதவர்களும் இருந்தார்கள். ஹெலன் டாய்ச் என்று ஒரு மனநல மருத்துவர். வியன்னாவில் ஃப்ராய்டிடம் பயின்றவர். யூதப் பெண்மணி. 1937-ல், அதாவது இந்த ரயில்கள் ஓடுவதற்கு ஒரு வருஷம் முன்னால், ‘துக்கம் இல்லாமை’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கியவர் செத்துப்போயும் அழாத மனிதர்களைப் பற்றியது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். முழு துக்கத்தையும் தாங்குகிற தெம்பு குழந்தை மனசுக்குக் கிடையாது. அதனால் அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடும். ஆனால் அழாத துக்கம் கரைந்துபோவதில்லை. என்றைக்காவது ஒருநாள், வேறு ஏதாவது ரூபத்தில் வந்தே தீரும்.

1939 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஜான் பௌல்பி, டொனால்ட் வினிகாட், இமானுவேல் மில்லர் என்று மூன்று டாக்டர்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் குழந்தைகளை கிராமங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. சின்னக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரிப்பது பிற்காலத்தில் பெரிய பாதிப்பைக் கொண்டுவரும் என்று எச்சரித்தார்கள். போர்க் காலத்தில் யார் காதில் விழும்?

குண்டுக்கும் முகாமுக்கும் பயந்து உயிரைக் காப்பாற்றியதைத் தவறு என்று சொல்லவே முடியாது. அந்த ரயில் இல்லையென்றால் அந்தக் குழந்தைகள் இல்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றியதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் தவறு.

ஹான்ஸ் கெய்ல்சன் என்ற டாக்டர் இதை ஒரு ஆராய்ச்சியாகவே செய்தார். ஜெர்மனியில் பிறந்து 1936-ல் நெதர்லாந்துக்குத் தப்பிய யூதர். அவருடைய அப்பா, அம்மா ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். போருக்குப் பிறகு நெதர்லாந்தில் பெற்றோரை இழந்து நின்ற யூதக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். வருஷங்கள் கழித்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆன பிறகு, 204 பேரைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். 1979-ல், தன்னுடைய 69 வயதில், அதற்காக டாக்டர் பட்டம் வாங்கினார்.

இந்தக் குழந்தைகளின் கஷ்டத்தை அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார். நாஜிகள் வந்த காலம். ஒளிந்தும் முகாமிலும் கழிந்த காலம். போர் முடிந்து வேறொரு வீட்டில் வளர்ந்த காலம். மூன்றில் எது மோசம் என்று கேட்டால் யாரும் இரண்டாவதைத்தான் சொல்வோம். கெய்ல்சன் கண்டது வேறு. முகாமில் கொடூரமாகக் கஷ்டப்பட்டாலும், பிறகு புரிந்துகொள்ளும் ஒரு வீடு கிடைத்தவர்கள் ஓரளவு தேறிவிட்டார்கள். போரின்போது அவ்வளவு கஷ்டப்படாமல், பிறகு புரிந்துகொள்ளாத வீட்டில் வளர்ந்தவர்கள் அவர்களைவிட அதிகம் உடைந்துபோயிருந்தார்கள்.

போர் முடிந்த பிறகு வந்த காலம்தான் தீர்மானித்தது. அழ இடம் கிடைத்ததா, இல்லையா?

*

இப்போது கடைசிப் பூட்டுக்கு வருவோம். நன்றி.

ஸ்டெஃபனி ஷெர்லி என்று ஒரு பெண்மணி. பிரிட்டனின் கம்ப்யூட்டர் உலகத்தில் பெரிய பெயர். 1962-ல், பெண்கள் வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதும் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். பெண் பெயரைப் பார்த்தால் யாரும் பதில் போடுவதில்லை என்று ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்துப் போட்டு ஆர்டர் பிடித்தவர். கோடிகளைச் சம்பாதித்தார். அதில் பெரும்பகுதியை தானமாகக் கொடுத்தார். 2025 ஆகஸ்டில், 91 வயதில் இறந்தார்.

இவர் 1939 ஜூலையில் வியன்னாவிலிருந்து வந்த ரயிலில் ஐந்து வயதுக் குழந்தை. கூட ஒன்பது வயது அக்கா. அன்பான வளர்ப்பு அப்பா, அம்மா கிடைத்தார்கள். பெற்ற அப்பா, அம்மாவும் தப்பித்து வந்தார்கள். ஆனால் அவர்களோடு பழைய ஒட்டுதல் திரும்ப வரவே இல்லை. தன்னுடைய உயிர் காப்பாற்றப்பட்டது வீண் இல்லை என்று ஒவ்வொரு நாளும் நிரூபித்தாக வேண்டும் என்ற எண்ணமே தன்னை ஓட்டியது என்று ஷெர்லி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

கேட்கப் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் யோசித்தால் வலிக்கிறது. ஐந்து வயதுக் குழந்தை தன் உயிருக்கே கடன்பட்டுவிடுகிறது. வாழ்நாள் முழுக்க அந்தக் கடனை அடைக்கிறது. கடன்காரன் வாசலில் உட்கார்ந்து அழ முடியுமா?

அந்த ரயிலில் வந்தவர்களில் விஞ்ஞானிகள், சினிமா இயக்குநர்கள், அரசியல்வாதிகள் என்று நீளமான பட்டியல் உண்டு. 1998-ல் வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கிய வால்டர் கோன் அதில் ஒருவர். அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். ‘பாருங்கள், எப்படி முன்னுக்கு வந்தார்கள்’ என்று உலகம் கைதட்டியது. சும்மா இருக்கும் நேரத்துக்கே பயந்து ஓடியவர்களும் அதில் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

போதாக்குறைக்கு இன்னொரு பேச்சு. முகாமிலிருந்து மீண்டவர்களின் எதிரில் இவர்கள் வாய் திறந்தால், ‘நீங்க முகாமில் இல்லையே, பாதுகாப்பா இங்கிலாந்தில்தானே இருந்தீங்க’ என்பார்கள். அதுவும் உண்மைதானே என்று இவர்களே வாயை மூடிக்கொண்டார்கள்.

*

ஆனால் டாய்ச் சொன்னது பலித்தது. துக்கம் வந்தது. தேடி வந்தது.

எப்போது வந்தது என்பதுதான் ஆச்சரியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, பிள்ளைகள் கல்யாணமாகிப் போய் வீடு காலியானபோது, ஓட ஒன்றும் இல்லாமல் சும்மா உட்கார்ந்தபோது. சிலருக்குப் பேரனோ பேத்தியோ, தாங்கள் ரயிலேறிய அதே வயதைத் தொட்டபோது. ஆறு வயதுப் பேத்திக்குத் தலைவாரி விடும்போது சட்டென்று புரிகிறது. இந்த வயதிலா நான் தனியாக வந்தேன்? இப்படி ஒரு குழந்தையையா என் அம்மா கையசைத்து அனுப்பினாள்? அதுவரை பிளாட்பாரத்தில் நின்ற குழந்தையாகவே அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள், முதல்முறையாக அம்மாவின் கண்ணால் அதைப் பார்க்கிறார்கள். அறுபது வயதில் அழுகை உடைகிறது.

1988-ல் பி.பி.சி.யில் வின்டனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரே வேரா, அவர் சின்ன வயதில் எழுதிய நாட்குறிப்புகளை வைத்துத் தன் கதையை எழுதி வெளியிட்டது அதே வருஷம்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் 1945 தாண்டி வாழவில்லை.

அடுத்த வருஷம் பெர்த்தா லெவர்டன் என்ற 66 வயதுப் பாட்டி ஒரு காரியம் செய்தார். மியூனிக்கிலிருந்து வந்தவர். ரயில்கள் ஓடி அம்பது வருஷம் ஆகிறதே, வந்தவர்களையெல்லாம் ஒருமுறை கூப்பிட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினார். பத்து இருபது பேர் வந்தால் பெரிசு என்று தோன்றக்கூடிய ஏற்பாடு. 1989 ஜூனில் லண்டனுக்கு வந்து குவிந்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல்! பல நாடுகளிலிருந்து வந்தார்கள்.

அவர்களில் பலருக்கு அன்றைக்குத்தான் ஒரு உண்மை தெரிந்தது. தங்களைப் போல இன்னும் பத்தாயிரம் பேர் இருந்திருக்கிறார்கள்! தன் வீடு, தன் ரயில், தன் பெட்டி என்று தனித்தனியாக அம்பது வருஷம் மூட்டைகட்டி வைத்திருந்தவர்கள், அன்றைக்குத்தான் ‘நீயுமா?’ என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த புத்தகத்துக்கு ‘ஐ கேம் அலோன்’ என்று பெயர். நான் தனியாக வந்தேன் என்று பொருள்.

கூப்பிட ஆளில்லாமல் போன சாவு வீடு அம்பது வருஷம் கழித்துக் கூடியது. ஊர் ஜனமும் இவர்கள்தான், துக்கக்காரர்களும் இவர்கள்தான்.

கடைசிவரை அழாமலே போனவர்களும் உண்டு. ஹாலிவுட்டில் டெபோரா ஓப்பன்ஹைமர் என்று ஒரு தயாரிப்பாளர். அவருடைய அம்மா அந்த ரயிலில் வந்த குழந்தை. வீட்டில் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மா இறந்த பிறகுதான் மகள் அதைத் தேடிக்கொண்டு போனார். அந்தத் தேடல்தான் 2000-ல் ‘இன்டு தி ஆர்ம்ஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ என்ற ஆவணப்படம் ஆனது. ஆஸ்கரும் வாங்கியது. அம்மா அழாமல் வைத்துவிட்டுப்போனதை மகள் அழுதாள்.

2018 டிசம்பரில், அதாவது முதல் ரயில் ஓடி எண்பது வருஷம் கழித்து, உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் 2,500 யூரோ தருவதற்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது. பணம் ஒன்றும் பெரிசில்லை. ஆனால் முகாமுக்குப் போகாவிட்டாலும், அப்பா அம்மாவைவிட்டுப் பிரிந்ததே ஒரு இழப்புதான் என்று காகிதத்தில் எழுதப்பட்டது.

*

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலில் ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. பெட்டிகளோடு ஐந்து குழந்தைகள் வந்து நிற்கிறார்கள். 2006-ல் வைத்தது. செய்தவர் ஃப்ராங்க் மைஸ்லர். அவரே 1939 ஆகஸ்டில் டான்ஸிக் நகரத்திலிருந்து வந்த குழந்தை. அவருடைய பெற்றோரும் ஆஷ்விட்ஸில் இறந்தவர்கள்தான். ஜெர்மனி, போலந்து, ஹாலந்து என்று அந்த ரயில் வந்த பாதையெல்லாம் அவர் வெண்கலக் குழந்தைகளை வைத்திருக்கிறார்.

அவற்றிலெல்லாம் குழந்தைகள்தான் இருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு?

அதற்கும் ஒரு நினைவுச் சின்னம் வந்தது. 2017-ல், ப்ராக் நகரின் தலைமை ரயில் நிலையத்தில். வின்டன் ரயில்களில் வந்த பிள்ளைகள், தங்கள் அப்பா அம்மாவுக்காக முன்னின்று எழுப்பியது. அப்போது அவர்களுக்கே எண்பது, தொண்ணூறு வயது. சிலை எதுவும் இல்லை. 1939-ல் ஓடிய ரயில் பெட்டியின் கதவு போல ஒரு கதவு. அதன் கண்ணாடி ஜன்னலில் ஒரு பக்கம் குழந்தைகளின் கைகள். மறுபக்கம் பெற்றவர்களின் கைகள். அவ்வளவுதான்.

நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு வின்டன் இருக்கிறார், வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். நன்றி சொன்னதால் துக்கம் தீர்ந்துவிடுவதில்லை, துக்கப்பட்டதால் நன்றி குறைந்துவிடுவதும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு. இதைச் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஆயுள் தேவைப்பட்டது.

வளர்ப்புப் பிள்ளை என்றைக்காவது ஒருநாள் காரணமில்லாமல் அழுதால், ‘உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?’ என்று கேட்கத்தான் வாய் வரும். பாசத்தில் வருகிற கேள்விதான். கேட்காதீர்கள். ஒரு குறையும் வைத்திருக்க மாட்டீர்கள். அந்த அழுகை உங்களைப் பற்றியதே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். போதும்.